தலையில் அடிபட்டவனைக் கேட்கும் கேள்விகள்

1

போன ஞாயிற்றுக்கிழமை சைகோன் மைதானத்தில் ஒருவன் என்னை அடிக்கக் கை ஓங்கினான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரன், ஆறடி உயரம், தன் குழுவுக்குக் கோல் காப்பவன். பந்துக்குப் பாய்ந்தவன் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டு விழுந்தான். உடனே எழுந்தும் விட்டான். மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றுமில்லை, ஆட்டம் நடக்கட்டும் என்றான். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், "உங்கள் ஆட்கள் இதுவரை எத்தனை கோல் போட்டார்கள்?" என்று கேட்டேன். "இன்னும் போடவில்லை" என்றான். இரண்டு போட்டிருந்தார்கள். இரண்டாவது விழுந்தபோது இவனே துள்ளிக் குதித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"வெளியே வா" என்றேன். அப்போதுதான் கை ஓங்கினான். கால்பந்தில் ஒருவன் வெளியே போனால் பதிலுக்கு ஆள் இறக்கும் வழக்கம் கிடையாது. மிச்சமிருக்கும் பத்துப் பேரோடு ஆடித் தீர வேண்டும். ஆகவே அவனுடைய குழு முழுவதும் என்னைச் சூழ்ந்துகொண்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "அந்த மலபார்காரனைத் துரத்து" என்று கத்தினார்கள். இங்கே தமிழர் எல்லோருக்கும் மலபார்காரர் என்றுதான் பெயர். மலபார் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எனக்கே தெரியாது, போகட்டும். நான் அசையவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்து, தலையில் ஈரத்துணி போட்டு, ஆட்டம் முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அவன் குழு தோற்றது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போனதுகூடத் தனக்கு நினைவில்லை என்று சொல்லி என் கையைக் குலுக்கினான். பெரிய டாக்டர் எல்லோர் எதிரிலும் என்னைப் பாராட்டினார்.

பாராட்டை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்த நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த ஞாயிறோடு ஒரு வருஷம் முடிந்தது. போன வருஷம் ஆடி மாதத்தில், புதுச்சேரி மைதானத்தில், என் மகன் பெலிக்ஸுக்குத் தலையில் அடிபட்டது. இப்போது அவனும் என் மனைவி மதலேனும் அங்கே. நான் மட்டும் இங்கே. மதலேன் தன் அண்ணன் அந்துவான் வீட்டு வாசலை மிதித்து ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளையை இந்தக் கதிக்கு ஆளாக்கியவன் அவன்தான் என்பது அவள் தீர்ப்பு. வருகிற அக்டோபரில் அந்துவான் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு இருப்பது ஒரே அத்தை, அந்த அத்தை வரமாட்டேன் என்கிறாள். நான் ஒரே ஒரு வரி எழுதினால் போவாள். அந்த வரியை எழுதாமல் ஒரு வருஷமாக மழையைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

ஊரில் என் உத்தியோகம் என்னவென்று பலருக்குச் சரியாகத் தெரியாது. "எங்க சவரி சைகோன்ல டாக்டரு" என்று என் சின்னம்மா தெருத் தெருவாகச் சொல்லி வைத்திருக்கிறாள். டாக்டருமில்லை, ஒன்றுமில்லை. அன்ஃபிர்மியே. காயம் கட்டுகிறவன், ஊசி போடுகிறவன், டாக்டர் கோபமாக இருக்கும் நாளில் திட்டு வாங்குகிறவன். அதோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்து ஓரம் மருந்துப் பையோடு உட்கார வேண்டும். எட்டு வருஷமாக உட்காருகிறேன். கால் உடைந்தவன் கத்துவான், எல்லோரும் ஓடி வருவார்கள். தலையில் அடிபட்டவன் சிரிப்பான். அவனிடம்தான் எனக்குப் பயம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பழைய ராணுவ டாக்டர். "தலையில் அடிபட்டவன் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்பான். நம்பாதே. எதைக்கொண்டு யோசித்துச் சொல்கிறானோ அதிலேதான் அடி" என்பார். மயங்கி விழுந்தானா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை. முதலில் கண்ணைப் பார். இரண்டு பாப்பாவும் ஒரே அளவா? பிறகு கேள். பேரைக் கேட்காதே, பேரை எவனும் சொல்வான். இது எந்த இடம், யாரோடு ஆடுகிறோம், கடைசிக் கோலைப் போட்டது யார் என்று கேள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொல். ஒன்றில் தவறினாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. அவன் அழுதாலும் சரி, அவன் ஆத்தாள் வந்து அழுதாலும் சரி. வெளிச்சமில்லாத இடத்தில் படுக்க வை. ராத்திரி அடிக்கடி எழுப்பிப் பார். வாந்தி எடுத்தால் ஆஸ்பத்திரி. தலைவலி அடியோடு நின்று ஒரு வாரம் ஆன பிறகு நடக்கட்டும், பிறகு ஓடட்டும், பந்து எல்லாவற்றுக்கும் கடைசி.

இன்னொன்றும் சொன்னார். "அவன் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுகிற மொழி எதுவோ அதிலே கேள்." சைகோனில் எல்லா ஜாதி மனிதரும் உண்டு. அதனால் இந்த மூன்று கேள்வியை மட்டும் ஐந்து மொழியில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். இந்த நாட்டுக்காரனான அன்னாமியச் சிப்பாய்க்கு அன்னாமிய மொழியில் கேட்பேன், கொர்சிக்காக்காரனுக்கு அவன் பேச்சில் கேட்பேன். அவர்கள் மிரண்டுபோய் என்னைப் பார்ப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

3

எங்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆறு மாதம் 'கொஞ்சே' கிடைக்கும். சர்க்கார் செலவில் கப்பலேறி ஊருக்கு வந்துபோகும் விடுமுறை. போன வருஷம் மூன்று பேரும் வந்தோம். பெலிக்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயது. சைகோனில் பிறந்தவன். ஐந்து வயதில் ஒரு தடவை ஊரைப் பார்த்ததோடு சரி. அப்புறம் பள்ளிக்கூடம், பரீட்சை என்று அவனோடு ஒருவர் தங்க, நானும் மதலேனும் மாறி மாறி வந்துபோனோம்.

வீட்டில் நாங்கள் தமிழில் பேசுவோம், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். தெருவில் இறங்கினால் அன்னாமிய மொழி. தமிழ் அவனுக்குப் புரியும், வாயில் வராது. வந்தாலும் மரியாதை வராது. கப்பலிலிருந்து படகில் வந்து, கடற்பாலத்தில் ஏறி நின்றதும், எங்களை அழைத்துப்போக வந்த என் பெரியப்பாவைப் பார்த்து, "நீ நல்லா இருக்கியா?" என்றான். பெரியப்பாவுக்கு எண்பது வயது. "இருக்கேன்டா ராசா, நீ இருக்க வுட்டா" என்றார். பாலத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அதற்கப்புறம் சொந்தக்காரர்களுக்கு இதுவே பொழுதுபோக்கு. "இன்னா சவரி, புள்ள தமிழனா சீனாக்காரனா?" என்று கோயில் வாசலில் கேட்பார்கள். தினமும் காலையில் அவனை உட்கார வைத்து, பெரியவர்களை நீங்க என்று சொல், வாங்க என்று சொல் என்று பாடம் எடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கப்பல் எப்ப?" என்பான். திரும்பிப் போகிற கப்பலைக் கேட்கிறான். தமிழில் அவன் தடுக்காமல் சொல்லக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான். இரண்டாம் நாளிலிருந்து பார்க்கிறவர்களை எல்லாம் அதையே கேட்டான். அவன் தெருவில் போனால், "டேய், 'கப்பல் எப்ப' போறாருடா" என்று பிள்ளைகள் கூவும் அளவுக்கு ஆகிவிட்டது. பெலிக்ஸ் சிரிப்பான். வார்த்தை வராதபோதெல்லாம் அவன் செய்வது அதுதான்.

கேலி செய்யாதவன் அந்துவான் ஒருவன். ரொட்டி சுடுகிறவன். விடியற்காலையில் அடுப்பு வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கால்பந்து. தெருப் பையன்களைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தான். பெலிக்ஸ் ஒரு தடவை பந்தை உதைத்ததைப் பார்த்ததும் விடவில்லை. "கால்ல பேசறவனுக்குத் தமிழ் எதுக்கு மச்சான்? எங்கிட்ட வுடு" என்றான். அப்புறம் பெலிக்ஸ் மாமா வீட்டிலேயே கிடந்தான். மாவுப் புழுதியோடு வீட்டுக்கு வருவான். ஆட்டம் இருக்கிற நாளில் கப்பலைப் பற்றிக் கேட்கமாட்டான். மதலேனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

4

வீராம்பட்டினத்துத் தேர் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊர்ப் பையன்களோடு ஆட்டம். எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், வெறுங்காலோடு ஆடுகிறவர்கள், இடித்தால் சுவரில் இடித்ததுபோல இருக்கும். எங்கள் தெருவே மைதானத்துக்கு வந்துவிட்டது. பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல். அப்போது ஒரு பந்து உயரே வந்தது. பெலிக்ஸும் அந்தப் பக்கத்துக் கோவிந்தன் என்ற பையனும் ஒரே சமயத்தில் தலையால் முட்ட எழும்பினார்கள். தேங்காய் உடைத்த சத்தம் கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள்.

வீராம்பட்டினத்துக் குழுவுக்குத் தலைவர் நரைத்த மீசைக்காரர் ஒருவர். நிதானமாக வந்தார். எழுந்திருக்கப் பார்த்த கோவிந்தன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "எந்திரிக்காத. உக்காரு" என்றார். அவன், "எனக்கு ஒண்ணுமில்லண்ணா" என்று கெஞ்சினான். "உக்காருன்னேன்." முடிந்தது. கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கயிற்றுக்கு அப்பால் உட்கார வைத்துவிட்டார். இனிமேல் அவர்கள் பத்துப் பேர்.

நான் பெலிக்ஸ் பக்கத்தில் மண்டியிட்டேன். கண் பாப்பா சரியாகத்தான் இருந்தது. கேள்வி பிரெஞ்சில் வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் முப்பது பேர் சுற்றி நின்றார்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். "இங்கயும் பிரெஞ்சா? தமிழ்ல கேளுப்பா, எங்களுக்கும் புரியட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் தமிழில் கேட்டேன்.

"பெலிக்ஸ், இது எந்த ஊரு?"

என்னைப் பார்த்தான். உதட்டை நனைத்துக்கொண்டான். "கப்பல்" என்றான்.

கொல்லென்று சிரிப்பு. "அடி பட்டாலும் கப்பல வுடறானா பாரு!" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். கப்பலில் இருப்பதாக அவன் சொல்கிறான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வழக்கமான கேலிப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டோம்.

"யாரோட ஆடறோம், சொல்லு."

பதிலுக்குச் சிரித்தான். "பாவம், அவனுக்கு வார்த்த வரல" என்றாள் ஒரு அத்தை. மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. காலைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கவும் சொல்லவில்லை. அத்தனை பேர் நடுவில் பள்ளிக்கூடத்துத் தண்டனை மாதிரி இருக்குமே என்று பட்டது. பெலிக்ஸ் எழுந்து நின்றான். பெலிக்ஸ் உள்ளே போனான்.

பத்து நிமிஷம் ஆடினான். ஒரு தடவை எங்கள் கோல் பக்கமாகவே பந்தை ஓட்டிக்கொண்டு வந்தான், அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பந்து மேலேயிருந்து இறங்கியது. தலையால் தட்டினான். பெரிய அடிகூட இல்லை. இரண்டு எட்டு நடந்தான், உட்கார்ந்தான், சாய்ந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் குறட்டை மாதிரி மூச்சு வந்துகொண்டிருந்தது. அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

5

ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செய்தி கேட்டு மதலேன் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே அந்துவானிடம் போனாள்.

"பாவி, நீதானே எறக்குன எம்புள்ளய? அடிபட்ட புள்ளய மறுபடி எறக்குனது நீதானே?"

அந்துவான் என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா. நாந்தான்" என்றான்.

"எம் மூஞ்சில முழிக்காத. போ."

போனான். நான் பெலிக்ஸ் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் நினைவில்லை. நான்காம் நாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். அன்னாமிய மொழியில் கேட்டான். அந்த ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர யாருக்கும் புரியவில்லை. சைகோனில் வீட்டைவிட்டு இறங்கியே பழகாத பெற்ற தாய் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாங்க கேக்கறான்? இன்னா கேக்கறான்?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

பிறகு வீட்டில் இருட்டறை. ஜன்னலெல்லாம் மூடி, மேலே கம்பளி கட்டினோம். படிக்கக் கூடாது, பேசக் கூடாது, கோயில் மணி அடித்தால் காதைப் பொத்த வேண்டும். மணி அடித்தால் அழுதான். பிள்ளை சாதுவாக வளர்ந்தவன். இப்போது கஞ்சி சூடாக இருக்கிறது என்று கிண்ணத்தைச் சுவரில் வீசினான். ஆட்டம், பந்து, அடி எதுவும் அவன் நினைவில் இல்லை. கப்பலைப் பற்றியும் கேட்கவில்லை. அவன் கேட்கமாட்டானா என்று நான் காத்திருந்தேன்.

ஒரு நாள் கோவிந்தன் வந்தான். நெற்றியில் பெரிய வீக்கம், கையில் ஓலையில் சுற்றிய மீன். பெலிக்ஸைப் பார்த்துவிட்டுக் கதவோரமாக உட்கார்ந்துகொண்டான். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு வாரம் தல சுத்துச்சு. இப்ப தேவலாம்."

"உங்க ஆளுக்கு வைத்தியம் தெரியுமா?"

"அவருக்கு இன்னா தெரியும்? தலையில கழி பட்டவன கட்டுமரத்துல ஏத்தமாட்டாங்க, அவ்ளோதான். தண்ணில வுழுந்தா யாரு தேடறது?"

அவர்கள் கண்ணைப் பார்க்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. ஐந்து மொழி தெரிந்தவன் அவர்கள் பக்கத்தில் ஒருவனும் இல்லை. கோவிந்தன் இப்போது கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

6

விடுமுறை முடிந்தது. மூன்று மாதம் நீட்டித்துத் தரும்படி முத்திரைத்தாளில் விண்ணப்பம் போட்டேன். ஒரு கையெழுத்து குறைகிறது என்று திருப்பினார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் தாள் பழசாகிவிட்டது, புதுத் தாளில் எழுது என்றார்கள். எழுதிக் கொடுத்து, பதில் வருவதற்குள் கப்பல் வந்துவிட்டது. பெலிக்ஸ் கப்பலேறத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். மதலேன் அவனோடு தங்கினாள். நான் தனியாகப் படகில் ஏறினேன். பெலிக்ஸ் இருட்டறையில் தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்ப வேண்டாம் என்றாள்.

சைகோன் வந்ததும் இங்கே ஒரு காகிதம். குடும்பத்தார் திரும்பாததன் காரணம், விபத்து நடந்த விதம் என்று இரண்டு பக்கம். அதில் ஒரு வரி: "அந்த இடத்தில் முதல் உதவி செய்தவர் யார்?" "யாருமில்லை" என்று எழுதினேன். காகிதத்தை வாங்கிய குமாஸ்தா காரைக்கால்காரர், நல்ல மனுஷர். மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"நீங்களே அன்ஃபிர்மியேதானே முசியே? நீங்க அங்க இல்லியா?"

"நான் பிறகுதான் போனேன்" என்றேன். முத்திரை குத்தி உள்ளே வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று பேருக்கான வீட்டில் ஒற்றை ஆளுக்கு இடமில்லையாம். பெலிக்ஸின் கட்டில் சர்க்கார் கட்டில். ஆள் வந்து எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தான். இப்போது எனக்கு மாடியில் ஒரு அறை. சாப்பாடு ராவுத்தர் ஒருவர் கடையில். பிற்பகலில் மழை கொட்டும். நின்றதும் ஆற்றங்கரைக்குப் போய்க் கப்பல்களைப் பார்ப்பேன். ஊர்க்காரர்கள் எதிர்ப்பட்டால், "பெலிக்ஸ் எப்ப வர்றான்?" என்பார்கள். "அடுத்த கப்பல்ல" என்பேன். அப்படி எத்தனையோ கப்பல் வந்துபோயிற்று. சில நாள் வேலை முடிந்த பிறகும் நான் ஆஸ்பத்திரியைவிட்டு வருவதில்லை. நினைவில்லாமல் கிடக்கும் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருப்பேன். அவர்கள் திருப்பி எதுவும் கேட்கமாட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் நான் செபம் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

7

மேலே ஒரு இடத்தில், "பெலிக்ஸ் உள்ளே போனான்" என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு நாலு நாள் பேனாவைத் தொடவில்லை. அவனாகப் போகவில்லை.

அவன் எழுந்து நின்றபோது அந்துவான் என் காதோரம் குனிந்தான். "மச்சான், முழி சரியில்லியே. வுடலாமா?" என்றான். "அவன் பேச்சே அப்படித்தான்" என்றேன். அந்துவானுக்குத் திருப்தியில்லை. "நீ பாத்து சொல்லு மச்சான். வேணாம்னா வேணாம். பத்துப் பேரோட ஆடிக்கறோம்" என்றான். அந்தப் பக்கம் பத்துப் பேர்தானே, பெலிக்ஸ் ஆடினால் நமக்கு ஒரு ஆள் கூடுதல் என்ற கணக்கு அவனுக்கு ஓடவில்லை. எனக்கு ஓடியது. என் பெரியப்பாவும் சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சீனாக்காரன் என்று கேலி செய்த வாயெல்லாம் மூடும்படி பிள்ளை ஒரு கோல் போடட்டும் என்றும் ஆசை இருந்தது. "வுடு" என்றேன். சொல்லிவிட்டு பெலிக்ஸ் முதுகில் என் கையாலேயே தட்டி அனுப்பினேன்.

அந்துவான் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் சொன்னவன் நான். அவன் ரொட்டி சுடுகிறவன், நான் எட்டு வருஷம் இந்த வேலையைச் செய்தவன். பிரெஞ்சில் கேட்டிருந்தால் பெலிக்ஸ் தப்பான பதில் சொல்கிறான் என்பது எனக்கு உடனே தெரிந்திருக்கும். தமிழ் வரவில்லை என்று நினைத்து, என் பிள்ளையின் மூளையில் பட்ட அடியை நான் பார்க்காமல் விட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்துவானைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லிடறேன்டா" என்று அழுதேன். "வாய மூடு மச்சான்" என்றான். "நா அண்ணன். திட்டிட்டுப் போறா, நாலு மாசத்துல சரியாயிடும். நீங்க ரெண்டு பேரும் ஒரே வூட்ல வாழணும். இதச் சொன்னா அவ உன்ன மன்னிக்கமாட்டா." நாலு மாதம் போய் ஒரு வருஷமாகிவிட்டது. பையன்களின் பெற்றோர் யாரும் அவனிடம் பிள்ளையை விடுவதில்லை, குழு கலைந்துவிட்டது. தெருவில் அவனைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்களாம். ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்று அவன் காப்பாற்றிக் கொடுத்த புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு கரையில் இருக்கிறோம்.

கடிதத்தில் எழுதலாமே என்று கேட்பீர்கள். கடிதம் அவள் ஒருத்திக்குப் போகும். அந்துவானைப் பழித்தது தெரு முழுவதும். ஆகவே தெரு முழுவதும் படிக்கிற இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். அந்துவான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

8

மதலேனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதுவரை என் கடிதங்களை அவளுக்குப் படித்துச் சொன்னவர் பக்கத்து வீட்டு வாத்தியார். மாற்றான் வாயால் இதை அவள் கேட்கக் கூடாது என்று எனக்கு ஒரு சாக்கு இருந்தது. போன கப்பலில் வந்த கடிதம் அந்தச் சாக்கையும் எடுத்துக்கொண்டது. கையெழுத்து புதுசு. ஒவ்வொரு எழுத்தும் ஒரு புளியங்கொட்டை அளவு.

"அப்பா, நான் பெலிக்ஸ். அம்மா எழுதச் சொன்னாங்க. இருட்டு ரூம்ல சும்மா இருந்தேன், வாத்தியார் மணல்ல விரல் புடிச்சி தமிழ் எழுத்து சொல்லிக் குடுத்தாரு. இப்ப கொஞ்சம் படிக்கறேன். அப்புறம் தல வலிக்கும், படுத்துப்பேன். நம்ம தெருவுக்கு வர்ற பத்திரிகய நான்தான் அம்மாவுக்குப் படிக்கறேன். சாந்திரம் கடலோரம் நடக்கறோம். மாமா தூரத்துல நிக்கறாரு. அம்மா திரும்பிக்கறாங்க. எனக்கு ஏன்னு தெரியல. நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டேன், பெலிக்ஸ்.

இதையும் நீதான் அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாய். உனக்காகத்தான் எண் போட்டுத் துண்டு துண்டாக எழுதினேன். கண் வலித்தால் நிறுத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படு, நாளைக்குப் படித்தால் போதும். ஆனால் ஏழாவதை விட்டுவிட்டுப் படிக்காதே. அப்பா மேல் இரக்கப்பட்டு அதைத் தாண்டிப் போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அம்மா ஏதாவது எறிந்தால் எறியட்டும். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் நீ பதில் பேசாதே, எனக்கும் எழுதாதே.

அவள் அழுது முடித்து, முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பினால், எங்கே என்று கேட்காதே. மாமாவின் ரொட்டிக் கிடங்கு இருக்கும் தெருப் பக்கம் திரும்புகிறாளா என்று மட்டும் பார். திரும்பினால் நீயும் கூடப் போ. வெயிலாக இருந்தால் தலைக்குத் துண்டு போட்டுக்கொள்.